விளக்கு வைக்கிற நேரமே படம் எடுக்கிற நேரம்



கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா செல்போனை எடுத்து, "மேடம், தீபத்தன்னிக்கு எங்க வூட்டைப் பாருங்க" என்று நீட்டினார். பார்த்தேன். முழுக்கக் கறுப்பு. நடுவில் ஏழெட்டு மஞ்சள் புள்ளி. "இது திண்ணை, இது மாடம், இது துளசி" என்று அவர் விரல் வைத்துச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. இன்னொருவர் காட்டிய படத்தில் அவர் மகள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தது. கண் இரண்டும் சிவப்பு. விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "நேர்ல பாத்தது ஒண்ணு, போன்ல வந்தது ஒண்ணு. நம்ம போன் அவ்ளோதான்" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து நடந்து வரும்போது சொன்னார். அவருடைய அம்மா அவரோடுதான் இருந்தாராம். வருஷா வருஷம் கார்த்திகைக்கு வாசல் விளக்கை அம்மாதான் ஏற்றுவார். கடைசியாக ஏற்றிய வருஷம் பேரன் போனில் படம் எடுத்தான். அம்மா பங்குனியில் இறந்துவிட்டார். கருமாதிக்குப் படம் மாட்ட வேண்டும் என்று போனைத் தேடினால் அந்த ஒரு படம்தான் இருந்தது. அதுவும் கறுப்பு. முகமே இல்லை. "கடைசியில ஆதார் அட்டையில இருந்த படத்தைத்தான் பெரிசு பண்ணி மாட்டினோம் மேடம். அதுல அம்மா யாரோ மாதிரி இருக்காங்க" என்றார்.

அன்றைக்கு முடிவு செய்தேன், இதைப் பற்றி எழுத வேண்டும் என்று. பெரிய போன் வேண்டாம். புது போன் வேண்டாம். கையில் இருக்கிற போனிலேயே விளக்கு வெளிச்சத்தில் நல்ல படம் எடுக்கலாம். சில விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

படம் ஏன் கெட்டுப் போகிறது?

உச்சி வெயில் வெளிச்சத்தையும், ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருகிற வெளிச்சத்தையும் ஒப்பிட்டால் வெயில் சுமார் 1 லட்சம் மடங்கு அதிகம். அகல் விளக்கும் மெழுகுவத்தி மாதிரிதான். நம் கண் கெட்டிக்காரக் கண். இருட்டில் கொஞ்ச நேரம் நின்றால் பழகிக்கொள்ளும். விளக்கையும் பார்க்கும், பக்கத்தில் இருக்கிற கோலத்தையும் பார்க்கும், ஏற்றுகிறவர் முகத்தையும் பார்க்கும். செல்போன் கேமராவின் கண் மிளகை விடச் சின்னது. அதற்கு அந்தச் சக்தி கிடையாது.

குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வேகமாக வந்தால் குடம் உடனே நிரம்பும். ஒல்லியாக வந்தால் குடத்தை ரொம்ப நேரம் வைக்க வேண்டும். கேமராவும் அப்படித்தான் வெளிச்சத்தைப் பிடிக்கிறது. பகலில் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடினால் போதும். விளக்கு வெளிச்சத்தில் அதைப் போல நூறு மடங்கு நேரம் திறந்து வைக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நம் கை கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கிவிடும். குடம் ஆடினால் தண்ணி வெளியே கொட்டுகிற மாதிரி.

ஆக, நாம் செய்ய வேண்டியது இரண்டு வேலை. ஒன்று, வெளிச்சம் கொஞ்சமாவது இருக்கிற நேரத்தில் எடுக்க வேண்டும். இரண்டாவது, போன் ஆடக் கூடாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எந்த நேரத்தில் எடுக்க வேண்டும்?

பெரும்பாலும் நாம் எல்லா விளக்கும் ஏற்றி, படைத்து, பொரி உருண்டை கொடுத்து, பக்கத்து வீட்டுக்குப் போய் வந்து, எட்டு மணிக்கு மேல்தான் போனை எடுக்கிறோம். அப்போது வானம் மை மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் போனுக்கு விளக்குச் சுடர் மட்டும்தான் தெரியும், வீடு தெரியாது.

கார்த்திகை தீபம் 2023-ல் நவம்பர் 26 அன்று வந்தது. 2024-ல் டிசம்பர் 13, 2025-ல் டிசம்பர் 3. தேதி மாறினாலும் இந்த நாட்களில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் சூரியன் மறைவது சுமார் 5.40 மணிக்கு. மறைந்த உடனே இருட்டிவிடாது. அடுத்த அரை மணி நேரம் வானம் கருநீலமாக இருக்கும். அதிலும் 5.55 முதல் 6.15 வரை வானத்து வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நிற்கும். அப்போது எடுத்தால் சுடர் மஞ்சளாக வரும், வானம் நீலமாக வரும், கூரை, சுவர், கோலம், முகம் எல்லாம் தெரியும். போட்டோ எடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இந்த நேரத்துக்குத்தான் காத்திருப்பார்கள்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். திருவண்ணாமலை மலை மேல் தீபம் ஏற்றுவது மாலை 6 மணிக்கு. அதை டி.வி.யில் பார்த்துவிட்டு நாம் வாசலில் ஏற்றுகிறோம். நம் பெரியவர்கள் விளக்கு வைக்கச் சொன்ன நேரமும், படம் எடுக்கத் தோதான நேரமும் ஒன்றேதான்! கார்த்திகைக்கு விளக்கு வைக்கிற வழக்கம் அகநானூற்றுக் காலத்திலேயே இருந்திருக்கிறது. திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பதிகத்திலும் கார்த்திகை விளக்கீடு வருகிறது. அவ்வளவு காலமாக அந்தி நேரத்தில் ஏற்றி வருகிறோம். போனை மட்டும் நாம் நேரம் கழித்து எடுக்கிறோம்.

எனவே 5.45-க்குள் எல்லாம் தயாராக இருக்கட்டும். அகலில் எண்ணெய், திரி, கோலம், போனில் சார்ஜ். நமக்குக் கிடைப்பது இருபது நிமிஷம்தான்.

"மேடம், கம்பெனி வேலை முடிஞ்சு வந்து சேரவே ஏழு மணி ஆயிடுது, நாங்க இன்னா பண்றது?" என்று சிப்காட்டில் வேலை பார்க்கும் தங்கைகள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இருட்டிய பிறகு எடுப்பதானால் வீட்டுக்குள்ளே ஒரு சின்ன பல்பைப் போட்டுக் கதவைப் பாதி திறந்து வையுங்கள். அந்த மெல்லிய வெளிச்சம் வானத்து வெளிச்சத்துக்குப் பதிலாக நிற்கும். திண்ணையில் இருக்கிற டியூப் லைட்டைப் போடாதீர்கள். அது விளக்கை அமுக்கிவிடும்.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் ஓரத்து ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. தொழிற்சாலையின் கோபுர விளக்கும் சாலை விளக்கும் ராத்திரியைப் பகலாக்குகின்றன. அந்த விளக்கு படத்துக்குள் வந்தால் நம் அகல் மங்கிப் போகும். அந்த விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள். அல்லது வீட்டின் மறுபக்கம், பின்வாசல், கிணற்றடி என்று மறைவான இடத்தில் எடுங்கள்.

எடுப்பதற்கு முன்னால்

முதலில் போனின் பின்பக்கக் கண்ணாடியைத் துடையுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. அடை சுட்ட கை, எண்ணெய் ஊற்றிய கை, அதே கையில் போனைப் பிடிக்கிறோம். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் சுடரைச் சுற்றிக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போகும். படமே புகை மூட்டமாக இருக்கும். பழைய பருத்திப் புடவைத் துணியால் மெதுவாக ஒரு துடை. போதும். கார்த்திகை நமக்கு மழை மாதம். சாரல் பட்டாலும் துடைத்துவிட்டு எடுங்கள்.

இரண்டாவது, பிளாஷை அணைத்துவிடுங்கள். மின்னல் மாதிரிக் குறி இருக்கும். அதைத் தொட்டு நிறுத்த வேண்டும். போனின் பிளாஷ் இரண்டு மூன்று மீட்டர் தூரம்தான் போகும். அதற்குள் இருக்கிற முகத்தை வெள்ளையடிக்கும், சுடரை விழுங்கிவிடும், பின்னால் இருக்கிற வீட்டை இருட்டில் தள்ளும். விளக்கைப் படம் எடுக்க இன்னொரு விளக்கைப் போடுவது வெயிலில் டார்ச் அடிப்பது மாதிரி.

மூன்றாவது, ஜூம் வேண்டாம். கிட்டே வேண்டுமென்றால் இரண்டு எட்டு முன்னே போங்கள். திரையில் 1, 2 என்று எண் காட்டும் போனாக இருந்தால் 1-லேயே வையுங்கள். பெரும்பாலான போன்களில் அந்தக் கண்தான் அதிக வெளிச்சம் வாங்கும். செல்பி பக்கத்துக் கேமரா இருட்டில் அவ்வளவாக எடுபடாது.

போனை எப்படி ஆடாமல் வைப்பது?

கடையில் மூன்று கால் ஸ்டாண்டு விற்கிறார்கள். வாங்க வேண்டாம். நம் வீட்டிலேயே இருக்கிறது.

ஒரு படியில் அரிசியோ மணலோ பாதிக்கு மேல் நிரப்பி, அதில் போனைக் கொஞ்சம் புதைத்து நிறுத்துங்கள். ஆடவே ஆடாது. சார்ஜ் போடுகிற துவாரம் அரிசிக்குள் போகாமல் போனைப் படுக்கை வாட்டில் நிறுத்துங்கள், அல்லது ஒரு துணியைச் சுற்றி வையுங்கள். உரல் மேல், திண்ணை விளிம்பில், தலைகீழாகக் கவிழ்த்த குடத்தில் சாய்த்து வைத்தாலும் சரி.

கையில் பிடித்துத்தான் எடுப்பேன் என்றால் இரண்டு கையாலும் பிடியுங்கள். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். தூணிலோ சுவரிலோ சாய்ந்து நில்லுங்கள். மூச்சை ஒரு விநாடி அடக்கிக்கொண்டு தொடுங்கள்.

பட்டனை விரலால் அழுத்தும்போதே போன் ஆடிவிடும். அதற்கு டைமர் இருக்கிறது. கடிகாரப் படம் போட்டிருக்கும். 3 விநாடி வைத்தால், நீங்கள் தொட்டுக் கையை எடுத்த பிறகு அதுவாகவே படம் எடுக்கும். நைட் மோட் என்று இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். அது இரண்டு மூன்று விநாடி வெளிச்சத்தைச் சேர்த்து வாங்கும். அதுவரை போனும் ஆடக் கூடாது, படத்தில் இருக்கிறவரும் ஆடக் கூடாது.

சுடரைத் தொடுங்கள்

திரையில் படம் தெரியும்போது விளக்கின் சுடர் மேல் விரலால் ஒரு முறை தொடுங்கள். ஒரு வட்டமோ சதுரமோ வரும். பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறியும் பல போன்களில் வரும். அதைக் கீழே இழுத்தால் படம் இருளும். மேலே தள்ளினால் வெளுக்கும். சுடர் வெள்ளைப் பொட்டாக இல்லாமல் தங்க நிறமாக, திரியின் நுனி தெரிகிற அளவுக்கு வரும்வரை கீழே இழுங்கள். சுடரும் முகமும் சேர்த்து வேண்டுமென்றால் முகத்தைத் தொட்டுவிட்டுக் கொஞ்சமாகக் கீழே இழுங்கள்.

ஒரே படத்தோடு நிறுத்தாதீர்கள். காற்றில் சுடர் ஆடும். ஐந்தாறு எடுத்தால் ஒன்று நிச்சயம் நன்றாக இருக்கும். ரோல் போட்ட கேமரா காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான். கழுவ, பிரிண்டு போட எல்லாவற்றுக்கும் காசு. இப்போது நன்றாக வராததை அழித்துவிட்டால் செலவில்லை.

முகம் தெரிய வேண்டுமானால்

விளக்கிலிருந்து ஒரு அடி தூரத்தில் இருக்கிற முகத்தில் விழுகிற வெளிச்சம், இரண்டு அடி தள்ளிப் போனால் கால் பங்காகக் குறைந்துவிடும். மூன்று அடி போனால் ஒன்பதில் ஒரு பங்கு. எனவே ஆட்களை விளக்குக்குப் பின்னால் தூரத்தில் வரிசையாக நிறுத்தினால் முகம் வராது. விளக்கின் அருகில் உட்கார வையுங்கள். ஒரு அகலுக்குப் பதிலாக ஏழெட்டு அகலை ஒரு தாம்பாளத்தில் சேர்த்து வைத்தால் வெளிச்சம் கூடும். பளபளவென்று துலக்கிய பித்தளைத் தாம்பாளம் வெளிச்சத்தை மேலே அனுப்பும். வெள்ளைக் கோலமும் கொஞ்சம் அனுப்பும். மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் வருத்தப்படாதீர்கள். ஈரத் தரையில் ஒவ்வொரு விளக்கும் இரண்டாகத் தெரியும். படத்துக்கு அது அழகு.

அம்மா விளக்கேற்றும்போது, "வத்தியைத் திரியில வச்சு அப்படியே ஒரு நொடி இரும்மா" என்று சொல்லுங்கள். கேமராவைப் பார்க்கச் சொல்லாதீர்கள். விளக்கைப் பார்க்கிற முகத்தில்தான் வெளிச்சம் விழும்.

சீரியல் லைட், ஸ்டார், மாவளி

கோயில் திருவிழா, தீபாவளி, கிறிஸ்துமஸ், கல்யாணம் என்றால் சீரியல் லைட் போடுகிறோம். பழவேற்காடு பக்கம் டிசம்பர் வந்தாலே வீட்டுக்கு வீடு காகித ஸ்டார் தொங்கும். இவற்றுக்கும் அந்தி நேரம், ஆடாத போன் என்ற விதிதான். ஸ்டார் அகலை விட வெளிச்சமானது. அதனால் ஸ்டாரைத் தொட்டு, நன்றாகவே கீழே இழுங்கள். அப்போதுதான் காகிதத்தில் இருக்கிற பூவும் ஓட்டையும் தெரியும்.

சில எல்.இ.டி. சரங்களை எடுக்கும்போது படத்தில் கறுப்புப் பட்டை ஓடும். போன் கெட்டுப் போச்சு என்று பயப்பட வேண்டாம். நம் வீட்டுக் கரண்டில் அந்த விளக்குகள் ஒரு விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் இருட்டான பிறகு நைட் மோடில் எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மழைக் காலத்தில் வெளியே தொங்குகிற சரத்தில் ஒட்டுப் போட்ட வயர் இருந்தால் போட்டோவுக்காகக் கூட அதைத் தொட்டு நகர்த்தாதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

நம் வட மாவட்டங்களில் கார்த்திகைக்குப் பிள்ளைகள் மாவளி சுற்றுவார்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் கட்டி, பனை மட்டைக்கு நடுவே வைத்துக் கயிற்றில் சுற்றினால் பொறி பறக்கும். இப்போது பல ஊரில் குறைந்துவிட்டது. உங்கள் ஊரில் இன்னும் சுற்றுகிறார்கள் என்றால் அவசியம் படம் எடுத்து வையுங்கள். இதற்கு மட்டும் நன்றாக இருட்ட வேண்டும். போனைப் படி அரிசியில் நிறுத்தி, நைட் மோட் போட்டு, பத்தடிக்கு மேல் தள்ளி வையுங்கள். சுற்றுகிற பொறி முழு வட்டமாக, சக்கரம் மாதிரிப் படத்தில் விழும்.

கவனம்: படத்தை விட உயிர் பெரிது

போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்வது மிகவும் ஆபத்து. பின்னால் தரையில் விளக்கு இருப்பதை மறந்துவிடுவோம். நிற்கிற இடத்தை முதலில் பார்த்து முடிவு செய்துவிட்டு அப்புறம் போனைத் தூக்குங்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். தாவணி, துப்பட்டா போட்ட பெண் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். நைலக்ஸ், பாலியஸ்டர் துணி தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்காவது பருத்தி கட்டுங்கள். படத்துக்காகக் குழந்தை கையில் எரிகிற அகலைக் கொடுக்காதீர்கள்.

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். கெட்டியான போர்வையால் மூடி அணைக்க வேண்டும். சுட்ட இடத்தில் 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் பூச வேண்டாம். பெரிய காயமென்றால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

விளக்கு விற்கிற குழுக்களுக்கு

நம் பகுதியில் ஒரு குழு குயவரிடம் வெறும் அகல் வாங்கி, வண்ணம் தீட்டி, பன்னிரண்டு பன்னிரண்டாக அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ஒரு கம்பெனியில் ஆர்டர் கேட்டிருந்தார்கள். "போட்டோ அனுப்புங்க" என்றதும் ராத்திரி ஒன்பது மணிக்கு டியூப் லைட் அடியில் பிளாஷ் போட்டு எடுத்து அனுப்பிவிட்டார்கள். அரக்குச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிந்தது. தங்கப் பொட்டு தெரியவே இல்லை. ஆர்டர் வரவில்லை. விளக்கு நன்றாகத்தான் இருந்தது. படம்தான் அதைக் காட்டவில்லை. அடுத்து இரண்டு படமாக எடுக்கச் சொன்னேன். இப்போது அப்படித்தான் அனுப்புகிறார்கள், ஆர்டரும் வருகிறது.

முதல் படம் பகலில். காலை பத்து மணிவாக்கில், வெயில் நேராகப் படாத திண்ணை நிழலில், வெள்ளை வேட்டி விரித்து அதன் மேல் வைத்து எடுங்கள். உண்மையான நிறம் இதில்தான் வரும். அளவு தெரிய ஒரு கையோ ஐந்து ரூபாய் நாணயமோ பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாவது படம் அந்தி நேரத்தில், எண்ணெய் ஊற்றி ஏற்றி எடுத்தது. முதல் படம் பொருளைக் காட்டும். இரண்டாவது படம் வாங்க ஆசை உண்டாக்கும். விலை, ஒரு பெட்டியில் எத்தனை, எந்த அளவு என்பதைப் படத்தோடு எழுதி அனுப்புங்கள்.

இந்தப் படங்களை கார்த்திகைக்கு ஒரு வாரம் முன்னால் எடுத்தால் பயனில்லை. புரட்டாசியிலேயே எடுத்து வைத்துவிட்டால் தீபாவளி ஆர்டரும் கேட்கலாம்.

படத்தை எப்படிப் பாதுகாப்பது?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கோ, ஆர்டர் கொடுப்பவருக்கோ தெளிவாகப் போக வேண்டுமென்றால் 'டாகுமெண்ட்' என்பதைத் தொட்டு அதில் அனுப்புங்கள்.

ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் ஒரு முறை பாருங்கள். வீட்டுக் கதவு எண், வண்டி நம்பர், பெண் பிள்ளையின் முகம் யார் யார் கைக்குப் போகலாம் என்று யோசியுங்கள். வயசுப் பெண்ணின் படத்தைப் போடும் முன் அவளைக் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கும்போது அங்கிருந்தே படம் போடாதீர்கள். வந்த பிறகு போடலாம்.

போன் தண்ணியில் விழும், திருடு போகும், உடையும். வருஷத்துக்கு நல்லதாக இரண்டு படம் எடுத்து ஸ்டுடியோவில் பிரிண்டு போட்டு வையுங்கள். பின்னால் வருஷமும், படத்தில் இருப்பவர் பெயரும் எழுதுங்கள்.

படத்தில் நீங்களும் இருங்கள்

கடைசியாக ஒன்று. நான் பார்த்த படங்களில் பிள்ளைகள் இருந்தார்கள், வீட்டுக்காரர் இருந்தார், பேரன் இருந்தான். கோலம் போட்டு, அகலைக் கழுவிக் காய வைத்து, திரி திரித்து, அடை சுட்டு, விளக்கேற்றிய பெண் படத்தில் இல்லை. "நான் எதுக்கு மேடம், தலைகூட வாரல" என்கிறீர்கள். அந்தக் கறுப்புப் படத்தைப் பார்த்து அழுத அக்காவுக்கு அவர் அம்மாவின் தலை வாரியிருந்ததா என்பது முக்கியமாக இல்லை. விளக்கு வெளிச்சத்தில் அந்த முகம் வேண்டும். அவ்வளவுதான்.

அதனால் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். படியில் போனை நிறுத்துங்கள், டைமரை 10 விநாடி வையுங்கள், போய் விளக்குக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அல்லது பெரிய பிள்ளையிடம் போனைக் கொடுத்து இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற மாமியார், அம்மா, பாட்டி எல்லோரையும் இந்த வருஷமே எடுத்துவிடுங்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

நினைவில் வைக்க:

1. மாலை 5.55 முதல் 6.15 வரை நல்ல நேரம். 5.45-க்குள் தயாராகுங்கள்.
2. போன் கண்ணாடியைத் துடையுங்கள்.
3. பிளாஷ், ஜூம், டியூப் லைட் வேண்டாம்.
4. படி அரிசியில் போனை நிறுத்தி, 3 விநாடி டைமர் வையுங்கள்.
5. சுடரைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள்.
6. முகம் விளக்குக்கு ஒரு அடிக்குள் இருக்கட்டும். முந்தானை செருகியிருக்கட்டும்.
7. ஐந்தாறு எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தைச் சாயங்காலம் வைக்கிற குழுக்கள் ஒரு அகல், கொஞ்சம் எண்ணெய், ஒரு படி அரிசி கொண்டு வாருங்கள். கணக்கு முடிந்ததும் பத்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து எடுத்துப் பழகலாம். முதல் படத்தில் யார் இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். விளக்கேற்றுகிறவர்தான்.